மலை பஸ்ஸில் ஒரு மெயின்டனன்ஸ் மேனேஜர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ்ஸில் அவர் எனக்கு முன் சீட்டில் இருந்தார். ஏதோ ஓர் ஆலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்து மெயின்டனன்ஸ் மேனேஜராக உயர்ந்தவராம். டிக்கெட் வாங்கும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை. அதன் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவர். தலையை ஆட்டும்போதெல்லாம் அதன் பிடி அவர் தாடையை இடித்தது.

மலையடிவாரத்தில் பஸ் நின்றதும் அதை எடுத்து, டிரைவர் பக்கத்திலிருந்த இன்ஜின் மூடியில் முனையை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். ஆலையில் மெஷினுக்கு நாடி பார்ப்பது இப்படித்தானாம்.

"வண்டிய மேல ஏத்தாதீங்க. பேரிங் போய்க்கினு இருக்குது."

அடுத்த பஸ் சாயங்காலம்தான். நாங்கள் மூட்டைகளை இறக்கத் தொடங்கினோம். டிரைவர் கடுப்புடன் இன்ஜினை அணைத்தார். இவர் மறுபடியும் காது கொடுத்தார்.

"ஆஃப் பண்ணியும் சத்தம் வருது பாருங்க. அவ்ளோ மோசம்."

மூடியின் மறுபக்கம் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு பயணியைக் கண்டக்டர் தட்டி எழுப்பினார். சத்தம் நின்றது.

"இப்ப இன்னாங்க சொல்றீங்க?" என்றார் டிரைவர்.

"சரியாயிடுச்சி. எடுங்க," என்றார் அவர், கொஞ்சமும் அசராமல்.

பிறகு ஒவ்வொரு வளைவிலும் அந்தத் தூங்குமூஞ்சியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் இடித்துக்கொண்டே வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"ரிப்பேர் வர்றதுக்கு முன்னாடியே பாத்துக்கணுங்க. அதாங்க மெயின்டனன்ஸ்."

பஸ் பழுதாகாமல் வெள்ளிமலை போய்ச் சேர்ந்தது. இறங்கும்போது, இடி வாங்கியவர் உட்பட, எல்லோரும் அவருக்கு நன்றி சொன்னோம். எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.