எழுதினவர்தான் அழிக்கலாம்

எங்கள் வாசிகசாலையின் முன்சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. பலகை என்று சொன்னாலும் சுவர்தான். பழைய பற்றரிக் கரியை அரைத்துப் பூசியிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இணுவிலில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பற்றரிக்கும் தடை; சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம். கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வந்ததா, மானிப்பாய்க்கு பஸ் ஓடுகிறதா, எல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் தெரியும். யாரும் எழுதலாம். ஒருவர் எழுதியதற்குக் கீழே இன்னொருவர் பதில் எழுதலாம். எழுதுகிறவர் மேலே திகதி போட வேண்டும்.

அழிப்பதற்கு ஒரேயொரு சட்டம் இருந்தது: எழுதினவர்தான் அழிக்கலாம். ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு எந்த ஊர் மேளம் என்று ஒருவர் எழுத, அது பிடிக்காத இன்னொருவர் அழிக்க, வெட்டுக்குத்து வரப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டத்தைப் போட்டோம். நான் அப்போது வாசிகசாலைச் செயலாளர். அடுத்தவன் எழுதியதை அழிக்கிறவனைப் பற்றி இரண்டு கூட்டம் வைத்துக் கத்தினோம். தான் எழுதியதைத் தானே மாற்றுகிறவனைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை.

எனக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம். அவர் சங்கக்கடையில் நிறுவைக்கு நிற்பவர். மனைவி பாலர் பாடசாலை ரீச்சர். கரவெட்டியில் பிறந்து இங்கே வாழ வந்தவர். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவருடைய தாய் இருதய வருத்தக்காரி. தாய்க்குத் தேவையான குளிசை யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலும் இல்லை. வவுனியாவுக்குப் போனால்தான் உண்டு. வவுனியாவுக்குப் போவதென்றால் கிளாலிக் கடலேரியைப் படகில் தாண்ட வேண்டும். இளம் ஆண்கள் போனால் அங்கே ஆமியின் சோதனையில் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்ற பயம். ரீச்சர் தானே போய் வருவதாகச் சொன்னார். கணவர் மறித்தார். பாதை எப்படியென்று பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லி ரீச்சர் வாசிகசாலைக்கு வந்தார்.

அன்று காலையில்தான் கிளாலியால் சாமான் ஏற்றி வரும் எங்கள் ஊர் வியாபாரி ஒருவர் பலகையில் எழுதியிருந்தார்: “கிளாலிப் பாதையில் பிரச்சினை இல்லை. பயப்படாமல் போகலாம்.” நல்ல மனிதர். ஒவ்வொரு முறை வந்திறங்கியதும் வீட்டுக்குப் போகுமுன் பலகைக்கு வந்து எழுதிவிட்டுப் போவார். ரீச்சர் அதை வாசித்தார். என்னிடம்தான் வெண்கட்டி வாங்கினார். கீழே, பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டும் அதே உருண்டை எழுத்தில், “நன்றி. நான் இன்று பின்னேரம் வெளிக்கிடுகிறேன்” என்று எழுதினார். திரும்பி என்னைப் பார்த்து, “அண்ணை, வரேக்கை உங்களுக்கும் பற்றரி கொண்டு வாறன், ஒளிச்சுத்தான்” என்று சிரித்தார்.

அன்று கடலேரியில் படகுக்குக் கடற்படையின் சூடு விழுந்தது.

மறுநாள் காலையில் செய்தி ஊருக்கு வரும்போது யார் செத்தது என்ற விபரம் இல்லை. வியாபாரி கேள்விப்பட்டதும் ஓடிவந்தாராம். தன் எழுத்தை நம்பி இன்னும் யாராவது போய்விடுவார்கள் என்று அவருக்கு நெஞ்சு பதறியிருக்கிறது. சாரத் தலைப்பால் தான் எழுதியதைத் துடைத்து, அதே இடத்தில் எழுதினார்: “கிளாலிக்குப் போக வேண்டாம். ஆபத்து.” திகதியை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. கீழே இருந்ததைத் தொடவும் இல்லை, அது வேறொருவர் எழுதியது. எங்கள் சட்டத்தை அச்சொட்டாகக் கடைப்பிடித்திருக்கிறார்.

நான் பிறகுதான் போய்ப் பார்த்தேன். போக வேண்டாம், ஆபத்து என்று ஒருவர் சொல்ல, நன்றி, நான் போகிறேன் என்று ஒரு பெண் பதில் சொல்லியிருக்கிறாள். மேலே முதல்நாள் திகதி. முன்பு இருந்ததைப் பார்க்காதவன் வேறு எப்படி வாசிப்பான்?

ரீச்சரின் உடலை ட்ரக்டரில் கொண்டு வந்தார்கள். கரவெட்டியிலிருந்து ரீச்சரின் தாய், மகனின் சைக்கிளில் வந்து வாசிகசாலைச் சந்தியில் இறங்கினார். இறங்கிய இடத்தில் பலகை. மகளின் எழுத்து தாய்க்குத் தெரியாதா? அவர் நின்று வாசித்ததை நான் பார்த்தேன். ஓடிப் போய்ச் சொன்னேன், இது மாற்றி எழுதியது அம்மா என்று. காதில் விழுந்ததோ தெரியாது. செத்த வீட்டுக்குள் போனதும் மருமகனின் முன்னால்தான் போய் நின்றார்.

“தம்பி, போகவேண்டாமெண்டு சுவரிலை எழுதிக் கிடக்குது. அதுக்குப் பிறகும் உங்கடை அம்மாவின்ரை குளிசைக்கு என்ரை பிள்ளையை அனுப்பினனீங்களோ?”

“மாமி, அப்பிடி எழுதியிருக்கேல்லை. சத்தியமா இல்லை.”

“நான் இப்ப வாசிச்சிட்டு வாறன்.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரவெட்டிக்குப் போய்விட்டார். என்ரை பிள்ளையை விழுங்கின வீட்டிலை பேத்தியை விடமாட்டன் என்று கேற்றடியில் நின்று சொன்னது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. குழந்தையின் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தகப்பன் ஒழுங்கையில் நின்றார். மற்றது பிள்ளையின் காலோடு போய்விட்டது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது அழுகையல்ல, கோபம்.

அந்தக் கோபத்தோடுதான் நிர்வாகசபையைக் கூட்டினேன். எழுதினவர் தன் எழுத்தை மாற்றலாமா, கூடாதா? வியாபாரி ஒடுங்கிப்போய் ஒரு மூலையில் இருந்தார். ஆனால் தன் நியாயத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

“செயலாளர், பிழையை அப்பிடியே விட்டிருந்தால் அடுத்த நாள் இன்னொருத்தர் போயிருப்பார். அந்தப் பழியை ஆர் சுமக்கிறது?”

“பிழையை விடச் சொல்லேல்லை. குறுக்கை ஒரு கோட்டைக் கீறிப்போட்டு, கீழை சரியானதை எழுதியிருக்கலாமே. முதல் என்ன எழுதினீர் எண்டு ஆக்களுக்குத் தெரியவேணுமே.”

“அந்த நேரத்திலை ஆருக்கு இது யோசினை வரும்?”

உண்மைதான், வராது. தலைவர் வழக்கம்போல இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி வெற்றிலையை மடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் என் பேச்சுத்தான் எடுபட்டது: கோடு கீறலாம், அழிக்கக்கூடாது. நல்ல சட்டம். போனவளுக்கும் பிரயோசனமில்லை, இருந்தவருக்கும் பிரயோசனமில்லை.

பிறகு நாங்கள் மூன்று பேரும், ரீச்சரின் கணவரும் வியாபாரியும் நானும், சைக்கிளில் கரவெட்டிக்குப் போனோம். வியாபாரி தானாகவே வந்தார்; யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. மாமியார் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார். குழந்தை தகப்பனின் மடியில் ஏறி இருந்துகொண்டது. வியாபாரி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பயமில்லை என்று எழுதியதும் நான், அதை அழித்ததும் நான், மருமகனில் ஒரு பிழையும் இல்லை என்று அழுதார்.

மாமியார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, நீர் முதல் எழுதினதை ஒருக்கா மாத்தினனீர். இப்ப வந்து வாயாலை இன்னொருக்கா மாத்துறீர். எதை நான் நம்புறது? உங்கடை ஊராக்கள் உங்கடை ஊரானுக்குத்தானே கதைப்பியள்.”

வாயாடி என்று பெயரெடுத்தவன் நான். அன்று தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெளிக்கிடும்போது குழந்தை தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. மாமன்காரன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

அதற்குப் பிறகு வியாபாரி பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டார். தன்னுடைய வரியைத் தானே துடைத்துவிட்டுப் போனார். புதுச் சட்டப்படி அது குற்றம். நான் கண்டும் காணாதமாதிரி இருந்தேன். கீழே ரீச்சரின் வரி மட்டும் தனியே நின்றது. மற்றவர்கள் அதைச் சுற்றி எழுதினார்கள். தாழ்வாரம் இருந்தபடியால் மழை படவில்லை. மங்கத் தொடங்கியபோதும் அதன்மேல் திரும்ப எழுத ஒருவரும் துணியவில்லை.

தொண்ணூற்றைந்தில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, மழைக்குள் சனம் சந்தியால் போய்க்கொண்டிருந்தது. ரீச்சரின் கணவர் தன் தாயைச் சைக்கிள் கரியரில் இருத்திப் பிடித்தபடி பலகைக்கு முன்னால் நின்றார். நான் கிட்டப் போனேன். நாங்கள் போனபிறகு இதை யார் யாரோ பார்க்கப்போகிறார்கள், ஆமிக்காரர் சப்பாத்துக் காலோடு வந்து நின்று வாசிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு எனக்குத் தாங்கவில்லை.

“துடைச்சுப்போட்டு வாருமன்” என்றேன்.

அவர் கையைத் தூக்கினார். சுவரில் படுமுன் திரும்பவும் சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

“அது அவ எழுதினதல்லோ, அண்ணை.”