உள்ளங்கையில் இரண்டு சொட்டு

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும் காபிக்கடை அது. டீ கிடையாது, காபி மட்டும்தான். கடைக்காரர் லப்பைக்குடிக்காட்டு பாய். வெள்ளைத் தொப்பி, குட்டையான தடித்த விரல்கள். டிகாக்ஷன் இறங்கியதும் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் யாருக்கும் காபி ஆற்றுவார்.

ஒருநாள் சாயங்காலம் காபி கசந்தது. ஆபீஸ் நண்பர்கள் கூட இருந்த தைரியத்தில், "என்ன பாய், ருசி பாக்காமலே ஊத்துறீங்களா? நீங்களே குடிச்சுப் பாருங்க!" என்று டம்ளரை அவர் வாயருகே நீட்டினேன்.

அவர் முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டார்.

"நோன்பு சார். மாசம் முடியிற வரைக்கும் நீங்கதான் குடிச்சுப் பாத்துச் சொல்லணும்."

எனக்குக் கூசிப்போயிற்று. மறுநாளிலிருந்து முதல் டம்ளரை என்னிடம் நீட்டி, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டு நிற்பார். அவர் உதடு வறண்டு வெடித்திருக்கும். கசப்பு அப்படியே இருந்தும், அந்த முகத்தைப் பார்த்து, "அருமை பாய்" என்றே சொல்லிவைத்தேன். வழக்கமாக வருகிறவர்கள் எதிர்க்கடைக்குப் போவதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

பெருநாள் முடிந்து கடை திறந்த அன்று பாய் உள்ளங்கையை நக்கினார். பிறகு டிகாக்ஷன் முழுவதையும் சாக்கடையில் கொட்டினார்.

"இவ்ளோ சிக்கரியா! உங்க நாக்கத்தான சார் நம்பியிருந்தேன்."

வேறு பொடி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். அருமையாக இருந்தது. அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது?