திவசச் சோறும் காக்கைக் குரலும்

மலேயாவிலிருந்து என் அம்மான் கொண்டுவந்து கொடுத்த டேப் ரிக்கார்டரில் வேறு யாராக இருந்தாலும் பாட்டுக் கேட்டிருப்பார்கள். நான் பறவைக் குரல் பிடித்தேன். அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் அதற்கு ஒரே பெயர்தான், கிறுக்கு. விடியும் முன்னே கோவிலூர்ப் பக்கத்து ஊருணிக் கரையில் மைக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கௌதாரிக்குக் காத்திருந்தால் கழுதை கத்தும். செம்போத்து வாயைத் திறக்கிற நேரம் பார்த்து பேட்டரி தீரும். ஆனாலும் விடவில்லை. டேப் சுருள்கள் அலமாரியில் சேர்ந்துகொண்டே போயின.

"உருப்படாத பயலே, காக்கா கத்துறதக் கேக்கவும் மெஷின் வேணுமா?" என்பார் அப்பச்சி. அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா. கோபம் வந்தால் அப்பச்சி வீடு அதிரத் திட்டுவார். திட்டி முடித்ததும் குடிக்க மோர் கேட்பார். அதோடு சரி. ஆத்தாவுக்கு அந்தத் திட்டு பழகிப்போன ஒன்று. அவர் பேசாமல் இருந்தால்தான் அவளுக்குப் பயம்.

கடைசியில் அதுதான் நடந்தது. அம்மான் வீட்டோடு ஏதோ மனத்தாங்கல். அங்கே நடந்த கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்றார் அப்பச்சி. ஆத்தா போய்வந்தாள். அவர் திட்டவில்லை. அவளோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்தப் பேசாமையோடேயே ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், போய்விட்டார்.

முதல் வருஷத் திவசம் வந்தது. படையல் முடிந்து மொட்டைமாடியில் இலை போட்டுச் சோறு வைத்தோம். காக்கை வந்து தொட்டால்தான் ஆத்தா தண்ணீர் குடிப்பாள். ஒன்றுகூட வரவில்லை. அடுத்த தெருவில் கல்யாணம், எச்சில் இலை விழும் இடத்தில் ஊர்க் காக்கை எல்லாம் கூடியிருந்தது. நான் அதைச் சொல்லிப் பார்த்தேன்.

"அவுக இன்னும் கோவமா இருக்காக. நான் வச்ச சோத்தத் தொட மாட்டாக," என்றாள்.

வெயில் ஏறி, சாயவும் தொடங்கியது. ஆத்தா இலைக்கு எதிரில் உட்கார்ந்தவள் அசையவில்லை. உதடு வெடித்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை. கீழே போய் மெஷினைத் தூக்கிவந்தேன். கொல்லை வேம்பிலிருந்து குஞ்சு ஒன்று விழுந்து, பூனை நெருங்கியபோது காக்கைகள் போட்ட கூச்சலைப் பதிந்து வைத்திருந்தேன். அதைப் போட்டால் காக்கை கூடும் என்று முன்பே ஒருமுறை கண்டிருக்கிறேன். சத்தத்தை முழுதாகத் திருகிவிட்டேன்.

வந்தன. கல்யாண வீட்டை விட்டுவிட்டு அத்தனையும் வந்தன. ஓட்டிலும் சுவரிலும் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கத்தின. ஒன்று ஆத்தாவின் தலையை உரசுவதுபோல இறங்கி ஏறியது. சோற்றுப் பக்கம் ஒன்றும் போகவில்லை. குஞ்சுக்கு ஆபத்து என்று பதறி வந்த காக்கை சோறா தின்னும்? பறவைகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. இது மட்டும் தோன்றவில்லை. மெஷினை நிறுத்தக் கை நீட்டினேன்.

"நிறுத்தாதய்யா."

ஆத்தா வானத்தைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். "திட்டுறாக. நல்லாத் திட்டட்டும். இத்தன நாளா வாயத் தெறக்காத மனுசன், இப்பத்தான் எங்கூடப் பேசுறாக."

டேப் முடிந்து சுருள் வெறுமனே சுற்றியது. காக்கைகள் மெல்ல அடங்கிக் கலைந்தன. சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. அது குஞ்சுக்காகப் போட்ட கூச்சல் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அவுகளுக்கு மோர் கொண்டாந்து வையி," என்றாள்.

கிண்ணத்தில் மோர் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு ஆத்தா கீழே இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.