கௌரிக்குத் தெரிந்த இருமல்

முதல் இருமல் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றுதான் கௌரி கன்று போட்டாள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. மத்திகிரி சர்க்கார் மாட்டுப்பண்ணையில் நான் கறவைக்காரன். கௌரி செவலை நிறச் சிந்தி இனப் பசு, தலையீற்று. நனைந்த சட்டையோடு கொட்டகை வாசலில் பாதி நாள் நின்று பிரசவம் பார்த்தேன். கன்று விழுந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ கரகரத்தது. இருமினேன். மழைச் சளி, நாலு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். நாலு வாரம் ஆகியும் போகவில்லை.

நீண்ட நாள் இருமலோடு இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த நாலு வாரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. படுத்தால் இருமல், சிரித்தால் இருமல், யாராவது "எப்படி இருக்கே" என்று கேட்டால் அதற்குப் பதிலும் இருமல். நெஞ்சுக்குள் கஞ்சி கொதிக்கிற சத்தம். சளி மஞ்சளாகக் கெட்டிப்பட்டு வந்தது.

என் மனைவி ருக்குவுக்கு அதே பண்ணையில் கன்றுகளுக்கு வாளியில் பால் புகட்டுகிற வேலை. யாரையும் அப்படியே செய்து காட்டுவது அவளுக்குப் பிறவிக் குணம். என் இருமலையும் அவள் விட்டுவைக்கவில்லை. முதலில் இரண்டு குட்டி இருமல், பிறகு ஓர் இழுப்பு, கடைசியில் தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு பெரிய இருமல். கண்ணை மூடிக் கேட்டால் நானேதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோபம் வந்தால் இருமலும் வரும். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மேஸ்திரி சென்னப்பா சிரிக்கவில்லை. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் நான் கறந்தேன். ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை.

"ஏனப்பா, பால் கறக்கிற எடத்துல இப்பிடி இருமுனா யாரு ஒத்துக்குவாங்க? கார்த்திகை தீபத்துக்குள்ள நிக்கணும். நிக்கலேன்னா நீ புல்லு வெட்டப் போயிடு. கௌரிய வேற ஆளு பாத்துக்குவான்."

அவர் சொல்லாமல் விட்ட வார்த்தை ஒன்று இருந்தது. காசம் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்). எங்கள் வீட்டிலும் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் துப்பிவிட்டு வந்ததும் ருக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் போவாள். ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். நான் கவனித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது.

புல் வெட்டுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் கௌரியை விட முடியுமா? ஊரில் கன்றை ஊட்டவிட்டுக் கறப்பார்கள். பண்ணையில் கன்றைப் பிறந்த அன்றே பிரித்துவிடுவோம். தாய் கன்றைக் காணாமலே பால் விட வேண்டும் என்பதால் ஒரு பசுவுக்கு ஓர் ஆள்தான். கை மாறினால் மாடு அடக்கிக்கொள்ளும் (பாலை மடியிலேயே நிறுத்திக்கொள்ளும்). கௌரியோ நான் பக்கத்தில் உட்கார்ந்த உடனே சுரப்பு விட்டுவிடுவாள். என் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தீபத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஓசூருக்குப் போய் மருந்துக்கடையில் ஓர் இருமல் மருந்து வாங்கினேன். டாக்டரிடம் போகப் பயம். போனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாரே.

"தெனம் மூணு வேளை" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான் சொன்னார். புட்டியில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கித் தந்தால், புட்டியின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டித் தருவார்கள். ஒரு பல் ஒரு வேளை. எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். இந்தப் புட்டியில் காகிதம் இல்லை. ஆனால் கண்ணாடியிலேயே வரி வரியாக மேடு இருந்தது. அடேயப்பா, காகிதம் கிழிந்துபோகும் என்று கண்ணாடியிலேயே போட்டுவிட்டானே, என்ன மூளை என்று வியந்தேன். அன்று ராத்திரி படுக்குமுன் ஒரு வரி குடித்தேன். வெல்லப்பாகும் பெப்பர்மிண்டும் கலந்த ருசி. நம்முடையது முற்றின இருமலாயிற்றே என்று இன்னொரு வரியும் குடித்தேன்.

கண் விழித்தபோது வெயில் கூரைக்கு மேல் வந்திருந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கறவைக்குப் போகவில்லை. தலை சுற்றச் சுற்ற ஓடினேன். மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"ரெண்டு ஆளு உக்காந்து பாத்தாங்க. உம் மாடு அரைப்படி கூடக் குடுக்கல."

வெட்கப்பட வேண்டிய நேரம். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பார்த்தீர்களா, என் கை இல்லாமல் அவள் சுரக்க மாட்டாள்!

ருக்குவுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. "எழுப்பி எழுப்பிப் பாத்தேன், அசையவே இல்ல. ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்று புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு என்னை இழுத்துப் போனாள்.

ஓசூர் ஆஸ்பத்திரி டாக்டர் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு புட்டியை வாங்கிப் பார்த்தார்.

"எவ்வளவு குடிச்சே?"

"ரெண்டு வரிங்க."

"எந்த வரி?"

காட்டினேன். அவருக்கு வந்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடியே நழுவியது. "இது புட்டி கையில வழுக்காம இருக்கப் போட்ட வரிய்யா! இதைச் சின்னக் கரண்டியில குடிக்கணும். அதுவும் உனக்கு ஆகாது. வறட்டு இருமலை அடக்கித் தூங்க வைக்கிற மருந்து இது. உனக்கு நெஞ்சு நெறைய சளி. இருமலை அடக்கினா சளி எந்த வழியா வெளிய வரும்?"

சளியைச் சோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வரும்வரை ருக்கு ஒரு தடவைகூட என்னைப்போல் இருமிக் காட்டவில்லை. வீடே வேறு வீடு மாதிரி இருந்தது.

காசம் இல்லை. மூச்சுக்குழாய் அழற்சி (நுரையீரலுக்குக் காற்றுப் போகும் குழாய்கள் வீங்கிச் சளி கட்டுவது) என்றார் டாக்டர். ருக்கு வராந்தாவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு வாசலில் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கித் தானே வைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

பென்சிலின் ஊசி, ஆவி பிடித்தல், குடம் குடமாக வெந்நீர். சளி இளகி வெளியே வந்தது. பகல் இருமல் முதலில் போனது. விடியற்காலை இருமல் மட்டும் கடைசிவரை முரண்டு பிடித்தது. தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு அதுவும் போயிற்று. அன்று விழித்தபோது நெஞ்சுக்குள் சத்தமே இல்லை. காதுதான் அடைத்துவிட்டதோ என்று விரலை விட்டுக் குடைந்து பார்த்தேன்.

துண்டில்லாமல் கொட்டகைக்குள் நுழைந்தேன். மேஸ்திரி முதுகில் தட்டினார். கௌரியிடம் உட்கார்ந்தேன், மடி கழுவினேன், காம்பை இழுத்தேன்.

ஒரு சொட்டு இல்லை.

தடவிக் கொடுத்தேன். கெஞ்சினேன். திட்டினேன். கௌரி திரும்பி என்னை யாரோ அந்நியனைப் போலப் பார்த்தாள். மேஸ்திரியின் முகம் தொங்கிப்போனது. "என்னப்பா, உங் கைராசி?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நோய் போனது, மாடும் போனதா?

கன்றுகளுக்குப் பால் எடுக்க வந்த ருக்கு வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று இருமினாள். இரண்டு குட்டி இருமல், ஓர் இழுப்பு, ஒரு தகர இருமல்.

கௌரி காதை ஆட்டினாள். என் கைக்குள் காம்பு நிறைந்து தடித்தது. வாளியில் சர்ரென்று பால் இறங்கியது.

கன்று போட்ட முதல் நாளிலிருந்து அவள் அறிந்தது அந்தச் சத்தத்தைத்தான். என் கையை அவள் ஒரு நாளும் பொருட்படுத்தியதே இல்லை.

"இருமுய்யா!" என்று கத்தினார் மேஸ்திரி, ஒரு மாதமாக என்னை இருமாதே என்று விரட்டிய அதே மனிதர். "நிறுத்தாம இருமு!"

அந்த ஈற்று முழுவதும் சளியில்லாத சுத்தமான நெஞ்சோடு விடியலில் பொய் இருமல் இருமினேன். அடுத்த ஈற்றிலும் அதே கதைதான். உடம்பு நமக்குள் மட்டும் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். என் நோய் குணமானது அந்தப் பசுவுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது.

பண்ணையை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கறவை நேரத்துக்கு இன்றும் தானாக விழிப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்து ஒரு தடவை இருமிப் பார்க்கிறேன். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ருக்கு கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்:

"சொரந்துச்சா?"