பல்லில் கவ்விய டார்ச்

மழைக்கால அவசரப் பைக்காகத் தலையில் மாட்டும் டார்ச் வாங்கப் போனேன். "மாட்டிகினா ரெண்டு கையும் ஃப்ரீம்மா," என்றார் கடைக்கார பாய்.

வாயும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எதற்கெடுத்தாலும் திட்டுவார். சின்ன வயதில், கரண்ட் போன ஒரு சாயங்காலம், செருப்பில்லாமல் வேலியோரம் ஓடிக் காலில் முள் ஏற்றிக்கொண்டேன். தேடி வந்தவர் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஊக்கால் முள்ளை எடுத்தார். திட்ட முடியாமல் உறுமினார். எச்சில் என் பாதத்தில் சொட்டியது. வாய் காலியானதும் திட்டு விழும் என்று கண்ணை மூடினேன். டார்ச்சை லுங்கியில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"நீ வெளிச்சம் காட்டு. நான் தூக்கினு போறேன்."

"நல்லா பவரா இருக்கறதா குடுக்கட்டா?" என்றார் பாய்.

"எடை கம்மியா குடுங்க பாய், நைனாவுக்கு. கரண்ட் போனா இப்பவும் அவருதான் மொதல்ல எழுந்துக்கிறாரு. கவ்வத்தான் பல்லு இல்ல."