நாலு நாள் காய்ச்சல்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். பக்கத்தில் படுத்தால் டிக் டிக் என்று கேட்கும். வீட்டுக்குத் தனியாகக் கடிகாரம் எதற்கு என்று கேலி செய்வேன்.

மகளின் முகூர்த்தப் புடவையை நானே நெய்வேன் என்று தறியில் உட்கார்ந்தார். நெசவுக்காரர்கள் நாங்கள், ஒருவர் தொடங்கிய கல்யாணப் புடவையை நடுவில் இன்னொருவர் கைக்கு மாற்றமாட்டோம். ஒவ்வொரு இழையையும் பலகையால் அடித்துச் சேர்க்கிற அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு. கை மாறினால் துணி காட்டிக்கொடுத்துவிடும். நானோ பகலெல்லாம் ஆரணி கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் நிற்பவள். அவர் எப்போது நெய்தார், எப்போது சுருண்டு படுத்தார் என்று பார்க்க வீட்டில் ஆளில்லை.

ஒரு சாயங்காலம் வந்து தொட்டால் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"இன்னாங்க இது, எத்தினி நாளா?"

"நாலு நாள்தான். சும்மா பேஜார் பண்ணாத. முந்தானைதான் பாக்கி, நெய்துகினு இருக்கேன் இல்ல?"

எனக்கு வந்த கோபத்தில் ஆட்டோவை வாசலுக்கே வரவழைத்தேன்.

ஆரணி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னை டாக்டரிடமும் அதே நாலு நாளைத்தான் சொன்னார், பிடிவாதக்காரர். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வந்ததும் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வால்வுல பூஞ்சை ஒட்டி வளர்ந்திருக்கும்மா. ரொம்ப அரிதான வகை. மருந்து மட்டும் போதாது, வால்வை மாத்தணும். நாலு நாள்ல இவ்ளோ வளராதே?"

ஊறுகாயில் பூக்கும் பூஞ்சைதான் எனக்குத் தெரியும். அது மனுஷன் நெஞ்சில் எப்படி வளரும் என்று அழுதேன். ஆபரேஷன் வரைக்கும் அவர் தாங்கவில்லை.

வருஷம் திரும்பியதும் கல்யாணத்தை வைத்தோம். வேறு புடவை வேண்டாம் என்றாள் மகள். முந்தானையை நானே நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்தேன். அதுவரை உருளையில் சுற்றிக் கிடந்த துணியை அன்றுதான் முழுசாய் விரித்தேன். தொடக்கத்தில் அவர் அடி இறுக்கமாக இருந்தது. பாதிக்கு முன்பே தளர்ந்துவிட்டது. நடுவில் கொஞ்சம் இறுகி, மறுபடி தளர்ந்து, காய்ச்சல் விட்டதும் வந்ததும் அப்படியே கிடந்தன. பாதிப் புடவை என்றால் பத்து நாளுக்குக் குறையாத வேலை; அத்தனையையும் அந்த மனுஷன் காய்ச்சலோடு நெய்திருக்கிறார். வாய்விட்டு அவரைத் திட்டினேன். திட்டத் திட்ட அழுகைதான் வந்தது.

மகள் ஆபீஸ் வேலைக்குப் போகிறவள், தறி அறியாதவள். புடவையைத் தடவிப் பார்த்தவள், "இங்க மட்டும் ஏம்மா மெலிசா இருக்குது? அப்பாவுக்கு அப்பவே முடியலையா?" என்றாள்.

"பட்டு அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். "அப்பாவுக்கு நாலு நாள்தான் காய்ச்சல்."