நாங்கள் மூன்று பேரும் விழுந்த கல்

என் கீழுதட்டில் இரண்டு குழிகள் உண்டு. நடுவிலிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் நடுவிலிருந்து சரியாக நான்கு மில்லிமீற்றர். கணிதம் படிப்பித்தவன் என்பதால் அளந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு கடுகு உட்காரும். சில நேரம் எச்சில் கசியும். அதனால் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டைகள் இருக்கும். ஒன்று தொலைந்தால் என்ன செய்வது என்ற பயம்.

இந்தக் குழிகளுக்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் சொல்வார்கள். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் ஒரு கருங்கல் துருத்திக்கொண்டிருந்தது. நான்கு வயதில் அதன் மேல் குப்புற விழுந்தேனாம், மேற்பற்கள் இரண்டும் கீழுதட்டில் இறங்கிவிட்டனவாம். எனக்கு நினைவில்லை. அப்பாவுக்கும் அதே இடத்தில் இரண்டு குழிகள். அவரும் சின்ன வயதில் அதே கல்லில் விழுந்தவர். என் தங்கைக்கும் இரண்டு குழிகள். அவளும் விழுந்தாள். மூன்றாவது விபத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நான்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சம்மட்டியால் அடித்து அந்தக் கல்லை உடைத்தார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பிறந்தவள் என் மகள். அவள் உதட்டில் குழி இல்லை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? முப்பத்தொரு வருடம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு "நிறுவுக" என்று கணக்குக் கொடுத்த எனக்கு, இந்த நிறுவலில் ஒரு குறையும் தெரியவில்லை.

பற்களும் அப்படித்தான். எனக்கு எக்காலத்திலும் முப்பத்திரண்டு இருந்ததில்லை. நிறைய இருந்த காலத்தில் இருபத்தாறு. மீதி ஆறையும் கல்தான் தட்டிவிட்டது என்று நம்பியிருந்தேன். நான்கு வயதில் விழுந்தவனுக்குப் பதினொரு வயதில் முளைக்க வேண்டிய பல் எப்படிக் கொட்டும் என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

மகளை மடுல்சீமைக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். இந்த வருடம் அவளுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் முதல் பிள்ளை பிறந்தது. பெண். கைவிரலும் கால்விரலுமாக இருபதும் சரியாக இருந்தன. மேலுதடு மட்டும் இடது மூக்குத் துவாரம் வரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் சேரவில்லை. பாலைச் சப்பிக் குடிக்க அதனால் முடியவில்லை. ஊட்டினால் மூக்கு வழியே வந்தது. ஒரு தாதி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்: நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஒரு வேளைப் பாலுக்கு ஐம்பத்திரண்டு கரண்டி. நான் எண்ணினேன்.

மூன்றாம் நாள் சம்பந்தியம்மா, அதாவது மகளின் மாமியார், வந்தார். பிள்ளையைப் பார்த்தார், தூக்கவில்லை. நேரே மகளிடம் திரும்பினார்.

"கெரகணத்தன்னிக்குப் பலாக்காய வெட்டுனியா இல்லியா?"

"அது டீவியில சொன்ன கெரகணம் அத்தை. இங்க நல்லா வெயில் அடிச்சிச்சு."

"டீவியில சொன்னா கெரகணம் இல்லாமப் போயிருமா?"

"காய வெட்டுனது ஒங்க மகன். நான் கொட்டதான் உரிச்சேன்."

மாப்பிள்ளை மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு மூன்று இறக்கைகள். எண்ணி முடித்த பிறகும் அவர் பார்வையை இறக்கவில்லை.

சம்பந்தியம்மா தீர்ப்புச் சொன்னார். முப்பதாம் நாள் பிள்ளையை அவர்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோகும்போது, முதலில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நிறுத்துவார்கள். எல்லோர் முன்னிலையிலும் மகள் தான் வெட்டியதை ஒப்புக்கொண்டு, கத்தியை அம்மன் காலடியில் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் வாசற்படி. மாட்டேன் என்றால் தாயும் பிள்ளையும் லுணுகலையில் என் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

"வெட்டுனேன்னு சொல்லிட்டுப் போறேம்ப்பா," என்றாள் மகள். கண்கள் உள்ளே போயிருந்தன. "பிள்ள ஒழுங்காப் பால் குடிச்சாப் போதும் எனக்கு."

எனக்கு அது போதவில்லை. இன்றைக்கு ஒப்புக்கொண்டால் நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், ஆடு செத்தாலும் இவள்தான் காரணம். நான் ஒரு கொப்பியை எடுத்து அவளுக்காக வாதம் எழுதினேன். மொத்தம் பதினொரு அம்சங்கள். கிரகணம் எந்தெந்த நாட்டில் தெரிந்தது, அன்று மடுல்சீமையில் வெயில் எத்தனை மணிக்கு வந்தது, கொட்டை உரிப்பது வெட்டுவதில் சேருமா சேராதா என்றெல்லாம் எழுதியிருந்தேன். இருபத்திரண்டாம் நாள் மகளையும் பிள்ளையையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது கொப்பியையும் கொண்டுபோய் டொக்டரிடம் வாசித்தேன். அவர் சிங்களப் பெண், நன்றாகத் தமிழ் பேசுவார். மூன்றாவது அம்சத்தில் கை காட்டி நிறுத்தினார்.

"ஐயா, கிரகணம் வந்தது எத்தனையாவது மாசம்?"

"ஏழாவது மாசம், டொக்டர். இருபத்தெட்டாவது கிழமை."

"மேல் உதடு ரெண்டாவது மாசத்துலயே சேர்ந்துரும். அண்ணம் மூணாவது மாசத்துல. ஏழாவது மாசம் மரத்தையே வெட்டினாலும் ஒண்ணும் ஆகாது."

வழக்கு முடிந்தது. மீதி எட்டு அம்சங்கள் வீணாயினவே என்று ஒரு வருத்தம் மட்டும். இதை எழுதி முத்திரை குத்தித் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டே கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தேன். டொக்டர் என்னையே பார்த்தார்.

"கையை எடுங்க ஐயா."

எடுத்தேன். அவர் பிள்ளையின் கீழுதட்டை விரலால் மெல்ல இழுத்துக் காட்டினார். அதில் ஊசி முனை அளவில் இரண்டு புள்ளிகள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

"இது விழுந்தது, டொக்டர்," என்றேன் நான்.

"யார் விழுந்தது?"

"நான். கல்லுல."

"பேபி எந்தக் கல்லுல விழுந்திச்சு?"

அப்பாவையும் தங்கையையும் பற்றிச் சொன்னேன். மூவரும் ஒரே கல்லில் விழுந்ததைச் சொன்னேன். கல்லை உடைத்ததையும் சொன்னேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு விளக்கினார். இது பரம்பரையில் வருவது. ஒருவருக்குக் குழியோடு நின்றுவிடும், ஒருவருக்குப் பல் குறையும், ஒருவருக்கு உதடும் அண்ணமும் பிளந்து வரும். இது இருக்கிறவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர, இரண்டில் ஒரு வாய்ப்பு. யாரும் எதையும் செய்ததால் வருவதில்லை. மகளின் பல்லைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கும் இரண்டு பற்கள் முளைக்கவே இல்லை, தாடைக்குள்ளும் இல்லை. உதட்டை மூன்றாம் மாதத்தில், எடை கூடியதும் தைத்துவிடலாம். அண்ணத்தைப் பிறகு, பேச்சு வருவதற்கு முன்.

மகளுக்காக வாதாடப் போனவன் குற்றவாளியாக வெளியே வந்தேன். பஸ்ஸில் மகள் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப அந்தக் கல்ல ஏம்ப்பா ஒடச்சீங்க?"

"தாத்தாதான் ஒடச்சாரு," என்றேன். 

முப்பதாம் நாள் மடுல்சீமைக்குப் போனோம். பசறையிலிருந்து எண்பத்தேழு வளைவுகள். ஒவ்வொன்றிலும் பிள்ளையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. கோயில் வாசலில் இருபத்துமூன்று பேர் நின்றார்கள். வாழை இலையில் பலாக்காய் வெட்டும் கத்தியை வைத்து, பூசாரி கற்பூரமும் ஏற்றியிருந்தார். மகள் கத்தியின் முன்னால் போய் நின்றாள். நான் குறுக்கே புகுந்தேன்.

"கொஞ்சம் பொறுங்க. இது எங்கிட்டருந்து வந்தது. பாருங்க," என்று வாயைத் திறந்தேன்.

சம்பந்தியம்மா கைபேசி வெளிச்சத்தை அடித்து உள்ளே பார்த்தார். பார்க்க மாட்டார் என்று நினைத்திருந்தேன். எண்ணவே செய்தார்.

"பதினேழு, பதினெட்டு. இந்தப் பக்கம் பல்லே இல்லாம வெறும் முரசால்ல இருக்கு." பிறகு என் உதட்டைப் பார்த்தார். பிள்ளையின் உதட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். மறுபடியும் என் உதடு. 

"அப்ப ஒங்கம்மாதான் எதையோ வெட்டிருக்காங்க, அண்ணே."

"அம்மா வழியில்லம்மா. அப்பா வழி."

"அப்ப ஒங்கப்பாவோட ஆத்தா."

"அவங்க அப்பாவப் பெத்தது இந்தியாவுல."

"ஏன், இந்தியாவுல கெரகணம் புடிக்காதா?"

பதினொரு அம்சங்களில் இதற்கு ஒன்றும் இல்லை. அதற்குள் பூசாரி அவசரப்பட்டார். "யாராச்சும் ஒருத்தர் சொல்லணுங்க. கத்தி வச்சாச்சு, கப்பூரம் ஏத்தியாச்சு. சும்மா எடுக்க முடியாது."

"நான் சொல்றேன்," என்றேன்.

பூசாரிக்குத் தெரிந்தது ஒரே வாசகம்தான். அதை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லையாம். அவர் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன், வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரலில்: "வயித்துப் பிள்ளையோட இருக்கையில, தாயே, புத்தியில்லாமக் கத்தியத் தொட்டுட்டேன். பொண்ணு செஞ்ச பிழையப் பொறுத்துக்க, தாயே." எனக்கு எழுபத்திரண்டு வயது. தலைப்பாகை கட்டியிருந்தேன்.

எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது நாளில் முதல்முறை. பிள்ளைக்குப் பால் ஊட்டும் நேரமாகிவிட்டதால் அவள் கையில் கரண்டி இருந்தது. அது ஆடி, பால் சேலையில் கொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். சம்பந்தியம்மா முறைக்கப் பார்த்தார், முடியவில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் சடாரென்று கையை நீட்டினார்.

"குடுடி இப்புடி. ஒனக்குக் கை ஆடுது. பால் மூக்குல ஏறிரும்."

பிள்ளையை வாங்கி, நிமிர்த்திப் பிடித்து, கரண்டியையும் வாங்கிக்கொண்டார். அதுவரை அவர் பிள்ளையைத் தூக்கியதே இல்லை. ஊட்டிக்கொண்டே லயத்துக்கு நடந்தார். மகள் பின்னால் போனாள். கத்தி இலையிலேயே கிடந்தது. எத்தனை கரண்டி என்று நான் எண்ணத் தொடங்கினேன். பதினாறுக்கு மேல் கண் மறைத்தது. கைக்குட்டை இரண்டு இருந்தது நல்லதாகப் போயிற்று.

மடுல்சீமைப் பேச்சு எனக்கு முன்பே லுணுகலைக்கு வந்துவிட்டது. கடைத்தெருவில் என்னிடம் படித்தவர்கள்கூடக் கேட்கிறார்கள்: "எத்தன மாசம், மாஸ்டர்?"

நான் கோபப்படுவதில்லை. ஒப்பரேசன் திகதி வந்துவிட்டது. "இன்னும் நாப்பத்தொரு நாள்," என்கிறேன்.